பட்டினி கிடந்த ஆறு பேட்டரிகள்

ஜூலை 2

காலை நடை ஐந்தேகாலுக்கு. லேசான சாரல், குடை எடுக்கவில்லை. அணைத்த சுவிட்சுகள் பதினான்கு.

வீடு திரும்பி சௌந்தரத்திடம் சொன்னேன். "நேத்தும் பதினாலுதானே?" என்றாள் காப்பியை ஆற்றிக்கொண்டே.

முப்பத்தோரு ஆண்டு பள்ளியில் இயற்பியல் நடத்தினேன். மாலை மணி அடித்ததும் வகுப்பு வகுப்பாகப் போய் மின்விசிறிகளை நிறுத்திவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பேன். இந்த முதியோர் குடியிருப்புக்கு வந்து மூன்று வருடம் ஆகியும் கை சும்மா இருப்பதில்லை. விடியும் நேரத்தில் எரிகிற விளக்கைப் பார்த்தால் மூடாத குழாயைப் பார்ப்பது போல இருக்கிறது. முதல் வருடம் இருவரும் சேர்ந்து நடந்தோம். நான் அணைப்பேன், அவள் எண்ணுவாள். அவளுடைய இடது கால் மக்கர் செய்யத் தொடங்கியதிலிருந்து நானே எண்ணி, வந்து ஒப்பிக்கிறேன்.

இன்னொரு செய்தி. பேட்டரி கார் மறுபடியும் மேட்டில் நின்றுவிட்டது.

எங்கள் இடம் கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. வீடுகள் எல்லாம் தாழ்வில். சாப்பாட்டுக் கூடமும் நூலகமும் மருத்துவ அறையும் மேட்டில். முந்நூறு மீட்டர் ஏற்றம். நடக்க முடிந்தவர்களுக்கு அது பசி எடுக்க வைக்கும் தூரம். சௌந்தரத்துக்கு அந்தக் கார்தான் கால். காலை பத்து மணிக்கு நூலகத்தில், கண் மங்கிப்போன ஐந்து பேருக்கு அவள் செய்தித்தாளை உரக்கப் படிக்கிறாள். இரங்கல் விளம்பரம் வரை விடமாட்டார்கள்.

கார் முக்கி முனகி நின்றதும் ஓட்டுநர் மயில்சாமி திரும்பிப் பார்த்தார். "அம்மா உக்காருங்க. சார் மட்டும் கொஞ்சம் இறங்கட்டுமுங்க."

"ஏன், நான்தான் பாரமா?" என்றேன்.

"உங்க கையில அஞ்சு நூலகப் புத்தகம் இருக்குதுங்களே. அதைச் சொன்னனுங்க."

இறங்கித் தள்ளினேன். சௌந்தரம் உள்ளிருந்து, "பாத்துங்க, வண்டி ஓடிடப் போகுது" என்று சிரித்தாள்.

ஜூலை 5

நிர்வாகக் குழு கூட்டம். செயலாளர் வசந்தகோகிலம் அம்மா ஓய்வுபெற்ற தலைமைச் செவிலியர். எல்லாருக்கும் அவர் சிஸ்டர்தான். வார்டில் சுற்றி வருவது போலவே கூட்டத்தையும் நடத்துவார்.

"முதல்ல போட்ட பேட்டரி அஞ்சு வருஷம் உழைச்சுது. இந்த செட்டு ரெண்டே வருஷத்துல படுத்துடுச்சு. மயில்சாமி வந்தப்புறம் போட்டது இது" என்றார். வாசலில் நின்ற மயில்சாமியைக் கூப்பிட்டார். "ஒழுங்கா தண்ணி ஊத்தினியா?"

"பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா ஊத்துறனுங்க சிஸ்டரம்மா. பேட்டரிக்குன்னு விக்கிற தண்ணிதானுங்க."

"எழுதி வெச்சிருக்கியா?"

மயில்சாமி தலையைச் சொறிந்தார்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. லாரி ஓட்டியவர். முதுகில் அறுவை சிகிச்சை செய்த பிறகு கனரக வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எட்டு இடத்தில் வேலை கேட்டு அலைந்து, கடைசியில் இங்கே சேர்ந்து இரண்டரை வருடம் ஆகிறது.

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "நோய் என்னன்னு தெரியாம நான் மருந்தை மாத்த மாட்டேன். சார், நீங்க பிசிக்ஸ் எடுத்தவர். ஏன் கெட்டுச்சுன்னு கண்டுபிடிங்க. புதுசா எதைப் போடலாம்னும் நீங்களே சொல்லுங்க. ஆகஸ்ட் பத்து கூட்டத்துல பேசிக்கலாம். கவனக்குறைவுன்னு தெரிஞ்சா வேற டிரைவர் பார்த்துடுவோம்."

வெளியே வந்ததும் மயில்சாமி என்னோடு நடந்தார்.

"யாருகிட்டங்க சார் விட்டிருக்காங்க?"

"எங்கிட்டதான்."

"அப்பச் சரிங்க" என்றார். நிஜமாகவே முகம் தெளிந்துவிட்டது. "நீங்க பார்த்தா தப்பா வராதுங்க."

ஜூலை 6

பதினான்கு.

ஜூலை 8

டவுனிலிருந்து பேட்டரிக் கடை இஸ்மாயில் பாய் வந்தார். இருக்கையைத் தூக்கினால் கீழே ஆறு பேட்டரிகள், ஆறு எருமைக் கன்றுகள் போல நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றிலும் நாலு மூடி. ஆக இருபத்து நான்கு அறைகள். கண்ணாடிக் குழாயை ஒவ்வொரு மூடிக்குள்ளும் விட்டு அமிலத்தை உறிஞ்சி, உள்ளே மிதக்கிற அளவுகோலைப் படித்துச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். பள்ளியில் மதிப்பெண் ஏற்றியது போல இருந்தது. 1.180, 1.185, 1.180. நன்றாகச் சார்ஜ் ஏறியிருந்தால் 1.265க்கு மேல் வரவேண்டுமாம்.

"தண்ணி ஊத்தாம விட்டதா பாய்?" என்று கேட்டேன். மயில்சாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தண்ணியெல்லாம் சரியா இருக்கு. அப்படி விட்டிருந்தா ஒண்ணு கருகியிருக்கும், ஒண்ணு நல்லா இருக்கும். இது பாருங்க, இருபத்து நாலும் ஒரே மாதிரி சோர்ந்து கிடக்கு. இது பட்டினி சார். தினமும் அரை வயித்துக்குத்தான் சார்ஜ் ஏறியிருக்கு."

எனக்கு உடனே வகுப்பறைதான் நினைவுக்கு வந்தது. ஒரு பையன் தோற்றால் பையனைக் கேட்கலாம். வகுப்பே தோற்றால் வாத்தியாரைத்தான் கேட்க வேண்டும்.

சார்ஜரைச் சோதித்தார். அதில் பழுதில்லை. இரவு ஒன்பது மணிக்குச் செருகி, காலை ஏழு மணிக்கு எடுப்பதாக மயில்சாமி சொன்னார். பத்து மணி நேரம். அது போதும் என்றார் பாய். பிறகு எப்படிப் பட்டினி?

மயில்சாமி ஏதாவது ஒருநாள் மறந்திருப்பாரோ? ஒருநாள் மறந்தால் இப்படி ஆகாது. தினமும் மறக்க வேண்டும். தினமும் மறப்பவராக அவர் தெரியவில்லை.

ஜூலை 12

பதினான்கு. மழையால் பாதையில் மண் சரிந்து கிடந்தது. ஒரு சுவிட்சை எட்டி அணைக்கப் போய்ச் செருப்பு வழுக்கியது. சௌந்தரத்திடம் சொல்லவில்லை.

பாய் கொடுத்த விவரங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, இப்போது இருப்பது போலவே ஈயப் பேட்டரி. பழகியது, எங்கும் கிடைக்கும். ஆனால் இரவுதோறும் முழுவதுமாகச் சார்ஜ் ஏற்றியாக வேண்டும். அரைகுறையாக விட்டால் உள்ளே இருக்கிற தட்டுகளில் உப்பு போல ஒன்று படிந்து இறுகிவிடும். மாவுப் பாத்திரத்தை உடனே கழுவினால் போய்விடும், நாலு நாள் காயவிட்டால் சுரண்டினாலும் வராது. அது மாதிரி.

மற்றது லித்தியம். கோல்ஃப் மைதானங்களில் ஓடும் இதே ரக வண்டிகளுக்கு இப்போது அதைத்தான் அதிகம் போடுகிறார்களாம். சார்ஜரையும் சேர்த்து மாற்ற வேண்டும். அதன் குணங்களை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்தேன்:

"எடை குறைவு. தண்ணீர் கேட்காது. பாதியில் விட்டாலும் கெட்டுப்போகாது. சீக்கிரம் தேறிக்கொள்ளும். பத்து வருடம் உழைக்கும்."

சௌந்தரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "இது பேட்டரியா, பொண்டாட்டியா?"

"எடை குறைவுன்னு போட்டிருக்கேனே."

"ஆமாமா. அப்போ பேட்டரிதான்."

எனக்கு என்னவோ ஈயப் பேட்டரி பக்கம்தான் மனம் சாய்கிறது. ஒழுங்காகக் கவனித்தால் அதுவே போதும். கவனிக்கத் தெரியாதவர்களுக்காக அல்லவா லித்தியம்?

ஜூலை 16

மேட்டில் கார் இரண்டு முறை நின்றது. சௌந்தரம் நூலகத்துக்குப் பதினோரு மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தாள். அங்கே ஐந்து பேரும் செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்களாம்.

திரும்பும்போது அவள் சொன்னாள். "முன்னாடியெல்லாம் கார் சமையல்கட்டுக்குப் பின்னாலதான் நிக்கும். ஷெட்டை நம்ம பாதை ஓரத்துக்கு மாத்தினது எப்போ?"

"ரெண்டு வருஷம் இருக்கும். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

பெண்களுக்கு இடம் மாறினால் எதுவும் சரிப்படாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 18

ஜலதோஷம். உடம்பு வலி. சௌந்தரம் வெளிக்கதவின் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

ஜூலை 19

நடை இல்லை. எண்ணிக்கையும் இல்லை. மிளகு ரசம்.

ஜூலை 20

நடை இல்லை. கார் இன்று மெதுவாக என்றாலும் நிற்காமல் மேடேறியது என்று சௌந்தரம் சொன்னாள்.

ஜூலை 21

நடை இல்லை. கார் இன்று ஐந்து பேரோடு ஏறியதாம். மயில்சாமி வீட்டு வாசல் வரை வந்து, "உடம்பு தேவலைங்களா சார்? வண்டி உங்க கண்ணு முன்னால ஏறலைன்னு வருத்தமா இருக்குதுங்க" என்றார். மகிழ்ச்சியில் அவருக்கு முதுகு கூட நிமிர்ந்துவிட்டது போலத் தெரிந்தது.

போன வாரம் மயில்சாமி ஊற்றிய நீரின் பலனாக இருக்கலாம். அல்லது குளிர்ந்த காற்றாக இருக்கலாம்.

சௌந்தரம் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, "நீங்க நடக்காத நாள்ல அது நடக்குது" என்றாள். அவளுக்கு எப்போதும் கேலிதான். ஆனால் சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 22

ஓய்வு. வண்டி நன்றாக ஓடுகிறது.

ஜூலை 23

மறுபடியும் நடை. அப்பாடா. நாலைந்து நாளில் எவ்வளவு விளக்குகள் வீணாக எரிந்திருக்குமோ! பதினான்கையும் அணைத்தேன். வந்து சொன்னபோது சௌந்தரம், "ம்" என்றாள். அவ்வளவுதான்.

ஜூலை 26

கார் மேட்டில் நின்றுவிட்டது. மயில்சாமி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்தான் இறங்கித் தள்ளினேன். இந்த முறை யாரும் கேலி செய்யவில்லை.

ஜூலை 27

மாணவர்களுக்கு எப்போதும் சொல்வேன்: சோதனை செய்தால் குறிப்பு எழுது, எழுதியதைத் திரும்பப் படி. இன்று இந்த நோட்டையே முதலிலிருந்து படித்தேன்.

எனக்கு உடம்பு சரியில்லாத நாட்கள் ஐந்து. கார் தேறியதும் அந்த நாட்களில்தான்.

தற்செயலாக இருக்கலாம். ஒரு சோதனையை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

ஜூலை 28

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 30

எழுத இருக்கிறது.

நேற்று முன்தினம் காலை எட்டு மணிக்கு ஷெட்டுக்குப் போனேன். மயில்சாமி காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் காய்ச்சலாக இருந்த நாட்களில் ஷெட்டில் ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா என்று கேட்டேன்.

யோசித்தார். "ஒண்ணுதானுங்க. எப்பவும் காலையில நான் வர்றப்ப சுவிட்ச் அணைஞ்சிருக்குமுங்க. அந்த நாலஞ்சு நாளும் போட்டபடியே இருந்துச்சு."

"எப்பவும் யார் அணைக்கிறா?"

"வாட்ச்மேனுங்க. சார்ஜ் நிறைஞ்சதும் அணைச்சிருவாருன்னு நினைச்சிட்டிருந்தனுங்க. நல்ல மனுசன். போன மாசம் சொந்த ஊருக்குப் போயிட்டாருங்க. புதுசா வந்தவரும் அப்படியே செய்யறாரு போல."

ஷெட்டின் வெளிச்சுவரில், பாதையைப் பார்த்தபடி, தகர மூடிக்குக் கீழே மூன்று சுவிட்சுகள் இருக்கின்றன. முதல் இரண்டும் பாதை விளக்குகளுக்கு. மூன்றாவதும் விளக்குக்குத்தான் என்று இரண்டு வருடமாக நினைத்திருந்தேன். அதைப் போட்டால் எந்த விளக்கு எரிகிறது என்று ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அணைப்பவனுக்கு எதற்கு அது?

"உள்ளே போய் சார்ஜரைப் பாருங்க மயில்சாமி. நான் இங்கிருந்து ஒண்ணு அழுத்தறேன்."

காரைச் செருகிவிட்டு உள்ளே போனார். அழுத்தினேன்.

"பச்சை லைட்டு எரியுதுங்க சார்."

மறுபடி அழுத்தினேன்.

சார்ஜரின் ஒயரை அசைத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "அணைஞ்சிருச்சுங்க" என்றார்.

வெளியே வந்தார். என் கை இன்னும் சுவிட்சின் மேல் இருந்தது. என்னைப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார், நான் தினமும் நடக்கும் பாதையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததைக் காட்டிக்கொள்ளக்கூடாது என்று நினைத்து, துணியை எடுத்து ஏற்கனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

ஒன்பது மணிக்குப் போடுகிறார். நான் ஐந்தரைக்குள் அணைத்துவிடுகிறேன். ஏழு மணி வரை ஏற வேண்டியது ஏறுவதில்லை. தினமும் கடைசிப் பீரியடுக்கு முன்னால் ஒருவர் வந்து இருபத்து நாலு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். பரீட்சையில் எல்லாருக்கும் ஒரே மதிப்பெண். அனுப்பியவர் வாத்தியாரே.

"சார்" என்றார் மயில்சாமி, கண்ணாடியைப் பார்த்தபடியே. "பழைய வாட்ச்மேன் அணைச்சாருன்னு சொல்லிக்கலாமுங்க. அவருதான் இங்க இல்லீங்களே, அவருக்கு ஒரு கெடுதலும் இல்லை. எனக்கும் வேலை போகாதுங்க. உங்க பேரு எதுக்குங்க இதுல?"

வேலை போகப்போகிறவர், வேலையைப் போக வைத்தவனுக்கு வழி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. "யோசிக்கலாம்" என்று சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அதுவே அசிங்கம்.

ஆகஸ்ட் 1

பதிமூன்று.

சௌந்தரம் காப்பியைக் கீழே வைத்தாள். "பதிமூணா? ஒண்ணு குறையுதே."

"ஒரு விளக்கு ஃபியூஸ் போயிருக்கும்."

நாற்பத்தெட்டு வருடத்தில் அவளிடம் சொன்ன பொய்கள் சில உண்டு. இவ்வளவு சின்னப் பொய்யைச் சொல்லிவிட்டு இவ்வளவு நேரம் காப்பியையே பார்த்துக்கொண்டிருந்ததில்லை.

ஆகஸ்ட் 3

பதிமூன்று. கார் மேடேறிவிட்டது. எல்லாரும் மயில்சாமிக்குக் கைதட்டினார்கள். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அறிக்கையை எழுத உட்கார்ந்தேன். "சார்ஜ் போதாமையே காரணம்" என்று எழுதினேன். சரியான வாக்கியம். யாரால் என்று அதில் இல்லை. செயப்பாட்டு வினை எவ்வளவு வசதியானது என்று இந்த வயதில்தான் புரிகிறது. கிழித்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 6

சிஸ்டரைப் பார்க்க வேறொரு ஓட்டுநர் வந்து போனார். வெள்ளைச் சட்டை, நல்ல உடற்கட்டு. மயில்சாமி அவருக்கு ஷெட்டைத் திறந்து காட்டினார். இருக்கையை எப்படித் தூக்குவது, தண்ணீர் எதுவரை ஊற்றுவது, சௌந்தரம் ஏறும்போது எந்தப் பக்கம் கை கொடுக்க வேண்டும் என்பது வரை சொல்லிக்கொடுத்தார். "அம்மாவுக்கு இடது கால்தான் ஆகாது. அதனால வலது பக்கமா நிறுத்துங்க. இறங்கறப்ப செய்தித்தாளை நீங்க வாங்கிக்கோங்க, இல்லைன்னா ரெண்டு கையும் அடைஞ்சுபோகும்."

நான் பாதையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். குடையை மறந்து நனைந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7

சௌந்தரத்திடம் சொல்லிவிட்டேன். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, முதுகைக் காட்டியபடி சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

"எப்போதிலிருந்து?"

"ஷெட்டைப் பத்திக் கேட்டப்பவே சந்தேகம். நீங்க காய்ச்சல்ல கிடந்தப்போ உறுதியாச்சு."

"அப்போ ஏன் சொல்லலை?"

"நீங்களா கண்டுபிடிச்சா அது வாத்தியார் கண்டுபிடிச்சது. நான் சொன்னா பொண்டாட்டி குத்தம் சொல்றான்னு ஆகும். அதான் சாடைமாடையா ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். உங்களுக்கு ஏறலை."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. குழாயை மூடினேன்.

"பேட்டரியைக் கூட விடு. அந்த மனுஷனை ஒரு மாசமா குற்றவாளிக் கூண்டுல நிறுத்தி வெச்சு, நான் கையில நோட்டும் பேனாவுமா விசாரணை பண்ணியிருக்கேன்."

"பத்தாம் தேதி கூட்டம்தானே? இன்னும் மூணு நாள் இருக்கு."

"எல்லாரும் சிரிப்பாங்க சௌந்தரம்."

"சிரிக்கட்டும். நாலு பேரு சிரிச்சு ரொம்ப நாளாச்சு இங்க."

பிறகு நான் கேட்டேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. தினமும் அந்த எண்ணிக்கையைக் கொண்டுவந்து சொன்னேனே, அது அவளுக்குப் பிடித்திருந்ததா என்று. இரண்டு வருடமாக அவளால் வரமுடியாத நடையிலிருந்து நான் எடுத்துவந்து கொடுத்தது அது ஒன்றுதான்.

"எண்ணிக்கை யாருக்கு வேணும்?" என்றாள். "வெளிக்கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டா போதும். வந்துட்டீங்கன்னு அடுப்பைப் பத்த வைப்பேன்."

ஆகஸ்ட் 10

கூட்டம். சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். சௌந்தரம் காரில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். மயில்சாமி வழக்கம் போல வாசலில்.

எழுதி எடுத்துப் போன தாளைப் படிக்கவில்லை. வகுப்பில் பேசுவது போலவே பேசினேன்.

"ஒரு பள்ளிக்கூடத்துல இருபத்து நாலு பிள்ளைங்க. நல்ல பிள்ளைங்க. சாப்பாடு போடுற ஆள் நேரத்துக்குப் போட்டாரு, தண்ணியும் ஒழுங்கா ஊத்தினாரு. ஆனா பிள்ளைங்க சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள ஒரு கிழவர் தினமும் வந்து தட்டை எடுத்துட்டுப் போயிட்டாரு. பிள்ளைங்க இளைச்சுப் போச்சு. எல்லாரும் சாப்பாடு போட்டவரைத் திட்டினாங்க."

"யார் சார் அந்தக் கிழவர்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"நான்தான்."

சுவிட்சைப் பற்றிச் சொன்னேன். இரண்டு வருடம், தினமும், ஐந்தரை மணி. முழுவதையும் சொன்னேன். மயில்சாமி வாட்ச்மேன் மேல் போட்டுவிடலாம் என்று சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அது அவருடைய நல்ல மனசு. பொதுவில் வைத்தால் தப்பாகத் தெரியும்.

"மயில்சாமி" என்றேன், வாசலைப் பார்த்து. "உங்க மேல ஒரு தப்பும் இல்லை. தெரிஞ்சப்புறமும் பதிமூணு நாள் நான் வாயைத் திறக்கலை. அது சுவிட்சை அணைச்சதை விடப் பெரிய தப்பு. மன்னிச்சுக்கோங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அய்யோ சார், அதெல்லாம் எதுக்குங்க" என்று கதவுக்குப் பின்னால் போய்விட்டார்.

பிறகு நான்காவது வரிசையில் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி ஒருவர் பாதி கையைத் தூக்கினார். "நானும் அந்தப் பக்கம் போறப்போ எப்பவாச்சும் அணைச்சிருக்கேன்." இன்னொரு அம்மாவும் கையைத் தூக்கினார். "எரியறதைப் பார்த்தா கை சும்மா இருக்குமா?" கூடமே சிரித்தது. சௌந்தரம் சொன்னது சரி. நாலு பேர் இல்லை, நாற்பது பேர் சிரித்தார்கள்.

சிஸ்டர் மேசையைத் தட்டினார். அவர் சிரிக்கவில்லை. "நானும் விசாரிக்காம வேற டிரைவரை வரச்சொல்லிட்டேன். மயில்சாமி, உள்ளே வா. வெளியிலேயே நின்னு பழகாதே. ஒரு நாற்காலி எடுத்துப் போட்டு உக்காரு." அவர் உட்கார்ந்த பிறகுதான் அடுத்த வார்த்தை பேசினார். "நோய் தெரிஞ்சுபோச்சு. இப்போ மருந்தைச் சொல்லுங்க சார். எந்த பேட்டரி?"

ஒரு மாதமாக ஈயப் பேட்டரிக்குத்தான் காரணங்களைச் சேர்த்து வைத்திருந்தேன்.

"லித்தியம்" என்றேன். "பாதியில பிடுங்கினாலும் அது கோவிச்சுக்காது. அந்த சுவிட்சுக்குப் பூட்டுப் போடலாம். ஆனா இங்க இருக்கறவங்க எல்லாருக்கும் எழுபதுக்கு மேல. எங்க கையை மாத்தறது கஷ்டம். பேட்டரியை மாத்தறது சுலபம்."

"எத்தனை வருஷம் வரும்?"

"பத்து வருஷம்னு சொல்றாங்க."

"அவ்வளவு எதுக்கு நமக்கு?" என்றது ஒரு குரல். மறுபடி சிரிப்பு.

"வண்டியில ஏறறதுக்கு அடுத்த செட்டு கிழவங்க வருவாங்கய்யா" என்றாள் சௌந்தரம். தீர்மானம் நிறைவேறியது.

ஆகஸ்ட் 24

பாய் புதியதைப் பொருத்தினார். பழைய ஆறையும் இறக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. புதியது ஒரே பெட்டி. அதை அவரும் மயில்சாமியும் மட்டும் தூக்கி வைத்துவிட்டார்கள். வண்டியிலிருந்து இரண்டு ஆள் எடை குறைந்துவிட்டதாம். மேட்டில் இறங்கித் தள்ளுகிற இரண்டு பேர் இனி உட்கார்ந்தே வரலாம்.

பழையவற்றை உருக்கி மறுபடி பேட்டரியாகவே செய்துவிடுவார்கள் என்றார் பாய். லாரியில் ஏற்றியபோது நான் ஒன்றின் மேல் கை வைத்தேன். மயில்சாமி கவனித்துவிட்டு, "அடுத்த பிறவியில வயிறார சாப்பிடட்டுமுங்க" என்றார்.

எலக்ட்ரீசியன் வந்து மூன்றாவது சுவிட்சுக்கு ஒரு கம்பிக் கூடு போட்டுவிட்டுப் போனார். சிஸ்டர் உத்தரவு. பேட்டரி கோபித்துக்கொள்ளாது என்று நான் சொன்னதை அவர் நம்பியிருக்கலாம். என்னை நம்பவில்லை.

ஆகஸ்ட் 26

காலை ஐந்தேகாலுக்குத் தாழ்ப்பாளை எடுக்கப் போனேன். சௌந்தரம் சேலை மாற்றி, கம்பளிச் சால்வை போர்த்தி, கையில் கைத்தடியோடு கதவருகே நின்றுகொண்டிருந்தாள். வாசலில் கார்.

"சார்ஜ் நிறைய மிச்சம் இருக்குதுங்க" என்றார் மயில்சாமி, கண்ணைக் கசக்கிக்கொண்டே. "அம்மா நேத்தே சொல்லி வெச்சாங்க. காலையில ஒரு நடை போட்டா என்னன்னு. நான்தான் வர்றேன்னு சொன்னனுங்க."

அவர் வலது பக்கமாக நிறுத்தினார். அவள் ஏறிக்கொண்டாள். நான் பக்கத்தில் நடந்தேன். மயில்சாமி என் நடைக்கு ஏற்றபடி அவ்வளவு மெதுவாக ஓட்டினார். சத்தமே இல்லை. மலை மேல் மேகம் பாதி இறங்கியிருந்தது.

"ஒண்ணு" என்றாள் சௌந்தரம், முதல் விளக்கை நான் அணைத்ததும். "ரெண்டு." இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் எண்ண, நான் அணைத்தேன். தண்ணீர் மோட்டார் அறையருகே அவசரப்பட்டு மூன்று, நாலு என்று சேர்த்து எண்ணிவிட்டாள். "நாலு இன்னும் எரியுது" என்று நான் திருத்தினேன். "சரிதான் வாத்தியாரே" என்றாள்.

ஷெட்டு வந்தது. முதல் சுவிட்சையும் இரண்டாவதையும் அணைத்தேன். மூன்றாவது கம்பிக் கூட்டுக்குள் இருந்தது. ஆனாலும் என் கை எழுந்துவிட்டது. நானாகத் தூக்கவில்லை, அதுவாகத்தான் எழுந்தது.

சௌந்தரம் காரிலிருந்து எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போலாம் மயில்சாமி" என்றாள்.

ஷெட்டைத் தாண்டினோம். மிச்சமிருந்த இரண்டு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. கையை அவள் விடவில்லை.

எண்ணிக்கை இன்று பதினொன்று.